எதுவும் வெளியேறாத பாத்திரம்

சோப்பு செய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த எண்ணெய் நல்லது என்பதைத்தான். அடுத்து, குப்பைமேனி சேர்க்கலாமா, ஆட்டுப்பால் சேர்க்கலாமா, ரோஜா வாசனை நிற்குமா என்று கேட்பார்கள். தராசைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. வீட்டில் செய்யும் முதல் சோப்பு தேறுமா தேறாதா என்பது, எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் நிறுத்து வைக்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. கலக்குவது, ஊற்றுவது, வெட்டுவது எல்லாம் அதற்கப்புறம்தான்.

காரணம் எளியது. பெரிய ஆலைகளில் சோப்பைக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டுத் திரியவைத்து, மிஞ்சிய காரத்தையும் கிளிசரினையும் கீழே வடித்துவிடுவார்கள். காரம் கூடிப்போனால் கழுவி எடுக்க அங்கே வழி இருக்கிறது. வீட்டில் நாம் செய்வது குளிர்முறை. எண்ணெயோடு காஸ்டிக் கரைசலைக் கலந்து, அச்சில் ஊற்றி, கட்டியானதும் வெட்டி உலர்த்துகிறோம். ஆவியாகும் தண்ணீரைத் தவிர, பாத்திரத்தில் போட்ட எதுவும் வெளியே போவதில்லை. கூடுதலாகப் போட்ட எண்ணெய் கட்டிக்குள் எண்ணெயாகவே இருக்கும். கூடுதலாகப் போட்ட காரம் காரமாகவே இருந்து, குளிக்கிறவரின் தோலைத் தேடி வரும்.

எண்ணெய், நெய், மாட்டுக் கொழுப்பு என எதை எடுத்தாலும் மூலக்கூறின் அமைப்பு ஒன்றுதான். கிளிசரின் என்ற சிறிய அடித்தளத்தில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் இணைந்திருக்கும். கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்தவை இந்தச் சங்கிலிகள். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். பாமாயில், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவற்றில் பெரும்பாலும் 16, 18 கார்பன் கொண்டவை. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, தண்ணீரில் கரைந்து எண்ணெயைத் தொடும்போது மூன்று சங்கிலிகளையும் கிளிசரினிலிருந்து அறுக்கிறது. அறுந்த ஒவ்வொரு சங்கிலியின் முனைக்கும் ஒரு சோடியம் வந்து சேர்கிறது. அதுதான் சோப்பு. ஒரு கொழுப்பு மூலக்கூறுக்குச் சரியாக மூன்று காஸ்டிக் மூலக்கூறுகள் செலவாகின்றன.

இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் யூஜேன் ஷெவ்ரல். 1811இல் பன்றிக் கொழுப்பில் செய்த பொட்டாஷ் சோப்பு ஒன்று ஆய்வுக்காக அவரிடம் வந்தது. தண்ணீரில் கரைத்தபோது பளபளக்கும் படிகங்கள் அடியில் தங்கின. அவற்றோடு அமிலம் சேர்த்ததும் கொழுப்பைப் போலத் தோன்றிய, ஆனால் அமிலத் தன்மை கொண்ட ஒரு பொருள் பிரிந்து வந்தது. கொழுப்பும் காரமும் அப்படியே ஒட்டிக்கொள்வதால் சோப்பு உண்டாகிறது என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். கொழுப்பு முதலில் உடைகிறது, உடைந்த துண்டுதான் காரத்தோடு சேர்கிறது என்று ஷெவ்ரல் காட்டினார். பல ஆண்டுகள் ஒவ்வொரு விலங்குக் கொழுப்பாக எடுத்துச் சோப்பாக்கிப் பிரித்துப் பார்த்து, 1823இல் எல்லாவற்றையும் ஒரே நூலாக வெளியிட்டார்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் தராசை நம்பிய விதம். முதலில் கொழுப்பை நிறுத்தார். அதிலிருந்து கிடைத்த அமிலங்களையும் கிளிசரினையும் பிறகு நிறுத்தார். இரண்டாவது எடை முதலாவதைவிடக் கூடுதலாக இருந்தது. உடையும்போது தண்ணீரின் கூறுகள் உள்ளே சேர்கின்றன என்பதை அந்த வேறுபாட்டிலிருந்து ஊகித்தார். மூலக்கூறுகளின் வடிவத்தை வரையத் தெரியாத காலத்தில், எடையை மட்டும் வைத்துக்கொண்டு கொழுப்பின் உள்ளமைப்பை எட்டிப்பிடித்துவிட்டார். கிளிசரினை 1779இல் முதலில் பிரித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஷீலே. ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு சூடாக்கியபோது இனிக்கும் திரவம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதற்குக் கிளிசரின் என்று பெயர் வைத்தவர் ஷெவ்ரல். 102 வயதுவரை வாழ்ந்த அவர், 1889இல் ஈஃபில் கோபுரம் திறக்கப்பட்டபோதும் உயிரோடு இருந்தார். கோபுரத்தில் பொறித்த 72 அறிவியலாளர், பொறியாளர் பெயர்களில் அவருடையதும் ஒன்று.

ஒவ்வொரு எண்ணெயும் எவ்வளவு காரம் கேட்கும் என்பதை அளக்கும் முறை வெண்ணெய்க் கலப்படத்தைப் பிடிக்கும் முயற்சியில் பிறந்தது. 1879இல் கோட்ஸ்டோர்ஃபர் என்ற வேதியியலாளர் அதை வெளியிட்டார். வெண்ணெயில் குட்டையான சங்கிலிகள் உண்டு. ஆகவே ஒரு கிராம் வெண்ணெய்க்கு அதிகக் காரம் செலவாகும். வேறு கொழுப்பைக் கலந்திருந்தால் அந்த அளவு குறையும். அவர் அளந்ததைத்தான் நம் பாடநூல்கள் சோப்பாக்கும் எண் என்கின்றன. பால் பண்ணைக்காரர்களைச் சோதிக்க வந்த எண், இன்று வீட்டில் சோப்பு செய்கிறவருக்கு எல்லாவற்றையும்விட அவசியமான எண்ணாகிவிட்டது.

காஸ்டிக் சோடாவுக்கு அதை மாற்றிச் சொன்னால் ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் தேவை. பாமாயிலுக்கு 0.141, ஆலிவ் எண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் எண்ணெய் மட்டும் ஏன் இவ்வளவு கேட்கிறது? அதன் சங்கிலிகள் குட்டை, மூலக்கூறுகளும் எடை குறைந்தவை. ஒரே எடையில் தேங்காய் எண்ணெய் எடுத்தால் பாமாயிலைவிட அதிக எண்ணிக்கையில் மூலக்கூறுகள் வந்துவிடும். ஒவ்வொன்றும் தனக்குரிய மூன்று காஸ்டிக்கைக் கேட்கும். சோப்பாக்கும் எண்ணைப் பார்ப்பது என்றால் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளை எண்ணுவதுதான். தேங்காய் எண்ணெய்க்கு எழுதிய குறிப்பில் பாமாயிலை மாற்றி ஊற்றினால் சோப்பு ஏன் எரிகிறது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது.

முதல் முயற்சிக்கு நான் சொல்லும் கலவை இது: தேங்காய் எண்ணெய் 250 கிராம், ரேஷன் கடைப் பாமாயில் 200 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். தேங்காய் எண்ணெய் நுரையும் கட்டித்தன்மையும் தரும். அது மட்டுமே இருந்தால் தோல் வறளும், ஆகவே பாமாயில். விளக்கெண்ணெய் நுரையை நிலைக்கவைக்கும். நல்லெண்ணெயை நான் முதல் முயற்சிக்குப் பரிந்துரைப்பதில்லை. அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இருக்கும் லினோலிக் அமிலம் காற்றில் எளிதில் கெடும்; சில மாதங்களில் கட்டியில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழுந்து காறல் வாடை எடுக்கலாம். மரச்செக்கு எண்ணெயும் இப்போது வேண்டாம். செக்கில் ஆட்டியதோ ஆலையில் எடுத்ததோ, காஸ்டிக் எல்லாவற்றையும் ஒன்றுபோலத்தான் அறுக்கும். விலை உயர்ந்த எண்ணெயைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு வருவோம். 250ஐ 0.183ஆல் பெருக்கினால் 45.75. 200ஐ 0.141ஆல் பெருக்கினால் 28.2. 50ஐ 0.128ஆல் பெருக்கினால் 6.4. கூட்டினால் 80.35 கிராம். அவ்வளவையும் போட்டால் எண்ணெய் முழுவதும் சோப்பாகிவிடும். அளவில் சிறு பிசகு நேர்ந்தாலும் காரம் மிஞ்சும். அதனால் 5 விழுக்காடு குறைத்துக்கொள்கிறோம். 76 கிராம் வருகிறது. தண்ணீர் அதற்கு இரண்டு மடங்கு, 152 கிராம். குறைத்த பங்கு எண்ணெய் சோப்பாகாமல் கட்டிக்குள் தங்கித் தோலுக்கு மென்மை தரும்.

இந்த 5 விழுக்காடுதான் நமக்குக் காப்பு. நம்முடைய பிழைகள் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். சமையலறைத் தராசு 5 கிராம் பிசகினால் 76 கிராமில் அது 6 விழுக்காட்டுக்கும் மேல். காப்பு முழுவதும் கரைந்துவிடும். ஒரு கிராம்வரை சரியாகக் காட்டும் மின்னணுத் தராசாவது வேண்டும். பயந்துகொண்டு 100 கிராம் எண்ணெயில் மட்டும் செய்து பார்க்கலாம் என்று தோன்றும். அது பாதுகாப்பு அல்ல. 100 கிராமுக்குக் காஸ்டிக் 15 கிராம்தான். அங்கே ஒரே ஒரு கிராம் பிசகே 6 விழுக்காட்டைத் தாண்டும். அரைக் கிலோவுக்குக் குறையாமல் செய்யச் சொல்வது இதனால்தான்.

டம்ளரில் அளப்பது இன்னும் ஆபத்து. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. 500 மில்லி தேங்காய் எண்ணெய் சுமார் 460 கிராம்தான் இருக்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் வைத்துச் செய்கிறவர் 500 மில்லி பாக்கெட்டை 500 கிராம் என்று எடுத்துக்கொண்டு, காப்புக் குறைத்தபிறகு வரும் 87 கிராம் காஸ்டிக்கைப் போட்டால் என்ன ஆகும்? 460 கிராம் எண்ணெய் 84 கிராமைத்தான் ஏற்கும். மீதிக் காஸ்டிக் கட்டிக்குள் தங்கிவிடும். பாக்கெட்டில் பெரும்பாலும் மில்லியும் கிராமும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள், பார்த்தபிறகும் நிறுத்துக்கொள்ளுங்கள்.

காரத்துக்கு இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட முடிவதே புதிய வசதி. மனிதர்கள் நெடுங்காலம் காரத்தைச் சாம்பலிலிருந்து எடுத்தார்கள். மரச்சாம்பலை ஊறவைத்து வடித்தால் கிடைப்பது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். அதில் வரும் சோப்பு குழைவாக இருக்கும். கட்டியாக வேண்டுமென்றால் உப்புச் சேர்க்கவேண்டும். கடலோரச் செடிகளை எரித்த சாம்பலில் சோடியம் அதிகம், ஸ்பெயின் நாட்டார் அதை விற்றே சம்பாதித்தார்கள். நம் ஊரில் வண்ணார்கள் உவர்மண்ணைச் சேர்த்து வெள்ளாவி வைத்ததும் இந்தக் காரத்துக்காகவே. துணியில் ஏறிய உடம்பெண்ணெயை மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட் இளக்கிவிடும். ஒவ்வொரு சாம்பலிலும் ஒவ்வொரு மண்ணிலும் காரம் ஒவ்வொரு அளவில் இருக்கும். நாவும் கண்ணும்தான் அளவுகோல்.

பிரான்சில் நிக்கோலா லெப்லான், சாதாரண உப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்கு 1791இல் காப்புரிமை பெற்றார். புரட்சியில் அவருடைய ஆலை பறிபோனது. வறுமையில் வாடி 1806இல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய முறையோ பிரிட்டனில் பெரும் தொழிலாகி, சோப்பை ஏழை வீடுகளுக்கும் கொண்டுபோனது. அதில் வெளியேறிய ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை சுற்றியிருந்த மரங்களையும் பயிர்களையும் கருக்கியதால், 1863இல் அங்கே காரத் தொழிற்சாலைகளுக்கென்றே தனிச் சட்டம் போடவேண்டி வந்தது. இன்று உப்புநீரில் மின்சாரம் செலுத்தி நேரடியாகவே காஸ்டிக் சோடா எடுக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் சேலம் மாவட்டம் மேட்டூரிலும் அப்படிப்பட்ட ஆலைகள் உண்டு. வெள்ளைச் செதில்களாகக் கடையில் கிடைக்கும் அதன் தூய்மை சுமார் 98 விழுக்காடு. சாம்பல் தண்ணீரோடு மல்லுக்கட்டிய எவருக்கும் வாய்க்காத தூய்மை அது.

அதைக் கெமிக்கல் கடையில் செதில்களாகவே வாங்குங்கள். குழாய் அடைப்பு நீக்கும் பொடி வேண்டாம். அதில் அலுமினியத் துகள் போன்றவை கலந்திருக்கலாம். பாக்கெட் முன்பே திறந்திருந்தால் எடுக்காதீர்கள். காஸ்டிக் காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும். அப்படி ஈரமேறியதை 76 கிராம் நிறுத்தாலும் உள்ளே உண்மையான காஸ்டிக் குறைவாகவே இருக்கும். சோப்பு எண்ணெய்ப் பிசுக்காகிவிடும்.

கரைக்கும்போது காட்டவேண்டிய கவனத்தில் எந்தச் சலுகையும் கிடையாது. எவர்சில்வர் பாத்திரத்தில் முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு அதில் சிறிது சிறிதாகக் காஸ்டிக். மாற்றிச் செய்யக் கூடாது. காஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்து முகத்தில் தெறிக்கும். கரையும்போது எழும் வெப்பத்தில் கரைசல் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அலுமினியம், இண்டாலியம் பாத்திரங்களைக் கிட்டே கொண்டுவரவே கூடாது. காஸ்டிக் அவற்றை அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை எழுப்பும். முகத்தைத் திருப்பிக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் கரையுங்கள். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணை மூடிய கண்ணாடி மூன்றும் கட்டாயம். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவவேண்டும். வினிகரோ எலுமிச்சையோ தடவக் கூடாது. கண்ணில் பட்டால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும்.

என் அக்கா மகள் பொள்ளாச்சியில் முதன்முதலாகச் சோப்பு செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். நிறுத்ததும் கரைத்ததும் அவளேதான். எண்ணெயும் கரைசலும் கை பொறுக்கும் சூட்டுக்கு, ஏறத்தாழ 40 டிகிரிக்கு வந்தபிறகு ஒன்றில் மற்றொன்றை ஊற்றி, மரக்கரண்டியால் கலக்கத் தொடங்கினாள். மேலே எண்ணெய், கீழே தண்ணீர். கலக்கினால் மங்குகிறது, நிறுத்தினால் பிரிகிறது. நேரம் போகப்போக அவள் முகம் வாடிவிட்டது. “தண்ணியாட்டமே இருக்குதுங்க மாமா. கெட்டுப்போச்சுங்களா?” என்றாள். கெடவில்லை, கலக்கிக்கொண்டே இரு என்றேன்.

இந்தத் தாமதத்துக்குள் அருமையான அறிவியல் இருக்கிறது. காஸ்டிக் தண்ணீருக்குள் இருக்கிறது, கொழுப்பு எண்ணெய்க்குள். இரண்டும் சந்திக்கும் மெல்லிய பரப்பில் மட்டும்தான் வினை நடக்க முடியும். தொடக்கத்தில் அந்தப் பரப்பு மிகக் குறைவு. ஆனால் அங்கே உண்டாகும் முதல் சோப்பு மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை எண்ணெயை விரும்பும். அவை அந்தப் பரப்பிலேயே தங்கி, எண்ணெயைச் சிறுசிறு துளிகளாக உடைக்க உதவுகின்றன. துளி சிறுத்தால் பரப்பு பெருகும், பரப்பு பெருகினால் சோப்பு பெருகும், சோப்பு பெருகினால் துளி இன்னும் சிறுக்கும். தன் பிறப்பைத் தானே விரைவாக்கும் பொருள் சோப்பு. அதனால்தான் வெகுநேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்துவிட்டுத் திடீரென்று கெட்டிப்படுகிறது. ஹேண்ட் பிளெண்டர் வைத்தால் சில நிமிடங்களில் இந்த நிலைக்கு வந்துவிடும், ஏனென்றால் துளிகளை உடைக்கும் வேலையை அதன் கத்தி செய்துவிடுகிறது. கையால் என்றால் அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

தண்ணீர்ப் பரப்பில் எண்ணெய்ப்பசையும் சோப்பும் என்ன செய்கின்றன என்று முதலில் துல்லியமாக அளந்தவர்களில் ஒருவர் சமையலறையில் நின்றுதான் அளந்தார். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்து ஆக்னஸ் பொக்கெல்ஸ். அந்நாளில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. வீட்டு வேலைகளுக்கு நடுவே தகரத் தொட்டி ஒன்றைக் கொண்டு பரப்பு இழுவிசையை அளந்து, முடிவுகளை ராலே பிரபுவுக்கு எழுதினார். ராலே அந்தக் கடிதத்தை 1891இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவரச் செய்தார். சமையலறையில் எடை போட்டு, நேரம் குறித்து, உற்றுப் பார்க்கிறவரை அறிவியலுக்கு வெளியே நிற்பவராக நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

அக்கா மகளின் பாத்திரத்திலும் அந்த நேரம் வந்தது. கலவை இட்லி மாவுப் பதத்துக்கு இறுகியது. கரண்டியைத் தூக்கினால் சொட்டும் கோடு மேற்பரப்பில் ஒரு கணம் மறையாமல் நின்றது. இதைச் சோப்பு செய்கிறவர்கள் டிரேஸ் என்பார்கள். வினை முடிந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. இனி பிரியாது என்று மட்டுமே பொருள். அச்சில் ஊற்றலாம். அதற்குள் அவள் ஆசையாக வைத்திருந்த கஸ்தூரி மஞ்சளை ஒரு தேக்கரண்டி தூவிவிட்டாள். “குங்குமமாட்டம் ஆயிருச்சுங்க மாமா!” என்று கத்தினாள். அவள் தூவியது கலப்படப் பொடி. சாதாரண மஞ்சளும் அதில் இருந்தது என்பதை அந்த நிறமே சொல்லிவிட்டது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வினைதான். கட்டி உலர உலர அந்தச் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிட்டது.

முதல் முயற்சியில் எதையும் சேர்க்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு நிறம் மட்டும் காரணமில்லை. குப்பைமேனிச் சாறும் வேப்பிலைச் சாறும் சில நாட்களில் பச்சை இழந்து பழுப்பாகும். பாலிலுள்ள சர்க்கரை காரத்தில் கருகி, அம்மோனியா வாடையும் எழலாம். கிராம்புத் தைலம் கலவையை நொடிகளில் இறுகவைத்து, அச்சில் ஊற்ற விடாமல் செய்துவிடும். எலுமிச்சைச் சாறு பிஎச் அளவைச் சரிசெய்யும் என்று பலர் நம்பிச் சேர்க்கிறார்கள். ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் 0.6 கிராமுக்கு மேல் காஸ்டிக்கைத் தின்றுவிடும். நீங்கள் போட்ட கணக்கே மாறிப்போகும். சோப்பின் பிஎச் இயல்பாகவே 9க்கும் 10க்கும் இடையில் இருக்கும். அதைத் தோலின் அளவான 5 பக்கம் இறக்கினால் சோப்பு மீண்டும் கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். பிஎச் 5.5 என்று அச்சிட்டு விற்கும் கட்டிகள் வேறு வகைச் சலவைப்பொருளால் செய்தவை. காஸ்டிக் இல்லாத இயற்கைச் சோப்பு என்று விற்பதையும் நம்பவேண்டாம். உருக்கி ஊற்றும் சோப்பு அடித்தளத்தை வாங்கிச் செய்தாலும், அந்த அடித்தளத்தை வேறெங்கோ யாரோ காரம் சேர்த்தே செய்திருப்பார்கள். கணக்குச் சரியாக இருந்தால் முடிந்த கட்டியில் காஸ்டிக் மிஞ்சாது.

அச்சில் ஊற்றிய பிறகும் உள்ளே வெப்பம் எழும். கட்டியின் நடுப்பகுதி கண்ணாடித்தன்மை பெற்றுக் கருமையாகத் தெரியலாம். ஓரம் குளிர்ந்து நடு மட்டும் சூடானால் வெட்டியபின் உள்ளே வட்டமாக ஒரு நிறவேறுபாடு நிற்கும். அழகுக்குக் குறை, பயனுக்குக் குறையில்லை. ஒரு நாளில் பெரும்பகுதி வினை முடிந்துவிடும். அப்போது கையுறையோடு எடுத்து வெட்டுங்கள். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பெரும்பாலும் சோடியம் கார்பனேட். காற்றிலுள்ள கரியமில வாயுவும் மேற்பரப்பில் இருந்த காரமும் சேர்ந்து உண்டானது. துடைத்தால் போகும். வெட்டும்போது உள்ளே தண்ணீர்க் குமிழிகளோ வெள்ளைக் கட்டிகளோ தெரிந்தால் அது வேறு சங்கதி. காஸ்டிக் சரியாகக் கலக்காமல் தேங்கியிருக்கக்கூடும். அந்தக் கட்டியைத் தோலில் பயன்படுத்தக் கூடாது.

பிறகு நான்கு முதல் ஆறு வாரம் நிழலில், காற்று எல்லாப் பக்கமும் படும்படி உலர்த்தவேண்டும். தண்ணீர் ஆவியாகிறது, சோப்புப் படிகங்களும் மெல்ல அடுக்கு மாறி இறுகுகின்றன. நம் கலவை ஊற்றியபோது 728 கிராம். அதில் 100 கிராமளவு தண்ணீர் போய்விடும். ஒரு கட்டியை வாராவாரம் நிறுத்துக் குறித்துவையுங்கள். எடை இறங்குவது நின்றால் உலர்ந்துவிட்டது என்று பொருள். சென்னை, நாகப்பட்டினம் போன்ற ஈரக்காற்று ஊர்களில் மழைக்காலத்தில் கட்டி வியர்த்ததுபோல் துளிகள் நிற்கும். உள்ளே இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கிளிசரின் குறைவில்லாத அளவு. 76 கிராம் காஸ்டிக் செலவானால் 58 கிராம் கிளிசரின் பிறக்கும். ஆலைகள் அதை வடித்துத் தனியே விற்கின்றன. அதிலிருந்துதான் 1847இல் இத்தாலியின் சொப்ரேரோ நைட்ரோகிளிசரினைச் செய்தார். 1867இல் நோபல் காப்புரிமை பெற்ற டைனமைட்டும் அதன் வழியில் வந்ததே. முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கான கிளிசரினைத் தந்ததில் சோப்பு ஆலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் வீட்டுக் கட்டியில் அது அப்படியே தங்கித் தோலின் ஈரத்தைக் காக்கிறது. கடைச் சோப்பின் உறையில் டிஎஃப்எம் என்று ஒரு எண் இருக்கும். மொத்தக் கொழுப்புப்பொருளின் விழுக்காடு அது. இந்தியத் தர நிர்ணயத்தில் முதல் தரக் குளியல் சோப்புக்கு அது குறைந்தது 76 இருக்கவேண்டும். நம் கட்டி உலர்ந்தபின் 75ஐ ஒட்டி நிற்கும். மிச்ச இடத்தை நிரப்புவது பெரும்பாலும் தண்ணீரும் கிளிசரினும். கல்மாவு எதுவும் அதில் இல்லை.

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் நுரை வராவிட்டால் சோப்பைக் குறை சொல்லவேண்டாம். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, கரையாத வெள்ளைத் திரையாகப் படிகின்றன. அந்தச் சோப்பு அழுக்கை எடுக்காமலே வீணாகிறது. மழைத் தண்ணீரில் அதே கட்டியைத் தேய்த்துப் பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும்.

உலர்ந்ததும் முதல் கட்டியை முதலில் பாத்திரத்துக்கும் துணிக்கும், பிறகு கைக்கும் பயன்படுத்திப் பாருங்கள். எரிச்சல் இல்லாவிட்டால் உடம்புக்குப் போடலாம். கைக்குழந்தைக்கு வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். சோப்பு செய்து முடித்த வீட்டில், மிஞ்சிய காஸ்டிக் பாக்கெட்தான் ஆபத்தான பொருள். பார்வைக்கு அது கல்லுப்பு, சர்க்கரை, ஜவ்வரிசி எதுவாகவும் தெரியும். அதைக் குளிர்பானப் பாட்டிலிலோ ஊறுகாய் ஜாடியிலோ போட்டுச் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். கரைத்த கரைசலை மிச்சம் வைக்கவே வைக்காதீர்கள். தெரியாமல் ஒரு வாய் விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிப்போகலாம். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வெளியே பெரிய எழுத்தில் ‘காஸ்டிக் – விஷம்’ என்று எழுதி, பூட்டுள்ள இடத்தில் வையுங்கள். அச்சில் சோப்பை ஊற்றிய அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள்.